என்னை எதிர்த்து நானே செய்த மறியல்

ஊராட்சித் தலைவியான பிறகு நான் கலந்துகொண்ட முதல் போராட்டம் எங்கள் ஊராட்சிக்கு எதிரான போராட்டம்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பெரிய சாலையில், எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில், நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி மில்லுக்குப் போகும் பெண்கள். "ஊராட்சி நிர்வாகமே, பதில் சொல்!" என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நானும் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டிய அந்த நிர்வாகம் நானேதான் என்று உறைத்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று தொடர்ந்து கத்தினேன்.

நான் எப்படித் தலைவி ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மில்களை ஒட்டி வளர்ந்த ஊர். பெண்களில் பாதிப் பேர் நூல் மில்லுக்குப் போவார்கள்; மீதிப் பேர் தையல். நான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நைட்டி தைக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். பிரசிடெண்ட் ஆக வேண்டும் என்று பல வருடமாக ஆசைப்பட்டவர் என் வீட்டுக்காரர். அவருடைய நேரம், அந்தத் தேர்தலில் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். "ஏட்டி, நீ பேருக்கு நில்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நின்றேன். போஸ்டரில் என் படத்தைவிட அவர் கும்பிடும் படம் பெரிதாக இருந்தது. ஜெயித்த பிறகு ஊரில் எல்லோரும் அவரைத்தான் "பிரசிடெண்டு" என்றார்கள். நான் பிரசிடெண்டு வீட்டம்மா. கூட்டங்களுக்கு அவர் போவார், கையெழுத்தை நான் போடுவேன். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. தீபாவளி நெருங்கினால் நைட்டி ஆர்டருக்கே நேரம் போதாது.

ஆனால் அந்த வருடம் ஊரில் காற்று மாறிப்போயிருந்தது. விலக்கில் பஸ் இறங்கி ஊருக்குள் வர ஒரு பாதை உண்டு. மில் பாதை என்போம். பாதி வழியில் ஊராட்சியின் பழைய டிவி ரூம். வீட்டுக்கு வீடு டிவி இல்லாத காலத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டியை வைத்து, எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று கட்டியது. வீடுகளில் டிவி வந்ததும் அதைப் பூட்டிவிட்டார்கள். சுற்றிலும் ஆள் உயரச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் கருவேலங்காடு, காட்டைத் தாண்டினால் மெயின் ரோட்டில் இருக்கும் மதுக்கடைப் பாரின் முதுகு. முதலில் ஒரு மில் பெண்ணின் செல்போனை அந்தப் பாதையில் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு கோயில் பொங்கலில் இரண்டு தெருப் பையன்களுக்குள் தகராறு வந்து, பாட்டிலால் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டு எடுத்த வீடியோக்கள் ஊரார் செல்போன்களில் சுற்றத் தொடங்கின. "சின்னப் பயலுக, வெளையாட்டு" என்று சொல்லிக்கொண்டோம்.

ஒரு சாயங்காலம் அது விளையாட்டாக இல்லாமல் போனது. மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஓர் இளைஞன், அதே மில்லில் வேலை பார்க்கும் தன் அக்காவுடன் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தான். டிவி ரூம் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார்கள். தம்பி நின்று கேட்டான். பேச்சு முற்றியது. ஒருவன் அரிவாளை எடுத்து வீசிவிட்டான். தலைக்கு வந்ததை ஃபிட்டர் கையால் தடுத்தான். வலது கையில் ஆழமான வெட்டு. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். என் வீட்டுக்காரர் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். "அவிய ஊர்ல இல்லையே, மத்தியானம் வந்துருவாக" என்றேன். அப்போது வெட்டுப்பட்டவனின் அக்கா முன்னால் வந்தாள். சேலையில் தம்பியின் ரத்தம் இன்னும் காய்ந்து கிடந்தது.

"அவியள நாங்க கேக்கல. ஓட்டு உங்களுக்குத்தான போட்டோம்? நீங்க வாங்க" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். அப்படித்தான் நடுரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கொஞ்சம் குண்டு, நிதானமான நடை. கூட்டத்தைப் பார்த்து, "பிரசிடெண்ட் எங்க? கூப்பிடுங்க, பேசுவோம்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"நீங்களா? நீங்களே ஒங்கள எதுத்து மறியல் பண்ணுதீங்களா?"

"ஆமா மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். பிறகு அந்த அக்காவைத் தவிர எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் ரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எந்திரிக்கச் சொல்லி நான் வரல. பஸ்ஸுல பிள்ளைக பரீட்சைக்குப் போகுது. வழி விட்டுட்டு ஓரமா உட்காருவோம். நானும் உட்காருதேன். என்ன நடந்ததுன்னு மொதல்லருந்து சொல்லுங்க" என்றார். அக்கா சொல்லி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "வெட்டுனவனப் பிடிக்கிறது என் வேல. அதுல ஒங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனா இன்னைக்கு எனக்கு அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. வெட்டுப்பட்டவன் சொந்தக்காரங்க அவன வெட்டக் கெளம்பக் கூடாது" என்றார்.

மறியல் கலைந்து நான் வீட்டுக்கு வந்தபோது, யூனிட்டில் மெஷின்கள் ஓடவில்லை. பொத்தான் துளைகளுக்குக் காஜா போடும் பெண் பின்வாசல் படியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிவாளை வீசியவன் அவளுடைய மகன்தான். அவளைப் பார்த்ததும் மற்ற தையல்காரப் பெண்கள் எழுந்து போய்விட்டார்களாம்.

"அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "சொன்னா, பெத்தவளே காட்டிக் குடுத்தான்னு ஊரு பேசும். சொல்லலன்னா அவனத் தேடிப் பிடிச்சு வெட்டிருவாக. நான் என்னக்கா செய்ய?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி தெரியுது. நானும் கூட வாரேன்" என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நான் போன் செய்தேன்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வரவில்லை, சாதாரணக் காரில் வந்தார். இரண்டு காவலர்கள் மட்டும், அவர்களும் சட்டை பேன்ட்டில். "நீங்களும் வாங்கம்மா. ஒங்க மொகத்தப் பாத்தா ஓடமாட்டான்" என்று தாயையும் ஏற்றிக்கொண்டார். பையன் மகாராஜபுரத்தில் தாய்மாமன் வேலை பார்க்கும் தோப்பில் இருந்தான். நாங்கள் போனபோது மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. தோப்பு மோட்டார் ரூமுக்கு வெளியே, தொட்டிச் சுவரில், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயதுப் பையன். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். அம்மாவையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தூக்குவாளியைத் திறந்தாள். உள்ளே புளிச்சோறு.

"நேத்துலருந்து எதும் தின்னயா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

காவலர் ஒருவர் முன்னால் நகர்ந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "சாப்பிடட்டும். செத்த நேரத்துல என்ன ஆயிரப் போவுது?"

அவன் சாப்பிட்டான். பாதிச் சோற்றில் அழுதான். "அவன் கை எப்படி இருக்கும்மா?" என்று கேட்டான். இன்ஸ்பெக்டர்தான் சொன்னார்: "உசுருக்குப் பயமில்ல. கை சரியாகுமான்னு தெரியாது. நீ செஞ்சது சாதாரணக் காரியம் இல்லலே. கோர்ட்டுல அதுக்குப் பதில் சொல்லணும்." அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் செய்த இன்னொரு காரியம் எனக்கு மறக்காது. வெட்டுப்பட்டவன் வீட்டுத் தெருவில் சித்தப்பா மகன்கள், மாமன் மகன்கள் என்று பைக்குகளோடு கூடி நின்றார்கள். அவர் தெரு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பையனைப் பிடித்தாயிற்று, நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறோம் என்று சொன்னார். அதன் பிறகு எழுந்து போகவே இல்லை. அந்த வீட்டில் காபி வாங்கிக் குடித்தார். ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு என்ன வேலை, எந்த மில், கல்யாணம் ஆகிவிட்டதா என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரித்தார். பையன்களுக்கு எப்படிக் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் அந்த அக்காதான் வெளியே வந்து, "என் தம்பிக்கு மதுரையில துணைக்கு இருக்கப் போறவன் மட்டும் வண்டிய எடுங்க. மத்தவன் எல்லாம் வீட்டுக்குப் போங்க" என்றாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

இரவாகித்தான் கல்யாணத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் நடந்ததை எல்லாம் கேட்டார். "நான் இல்லாத நேரத்துல இம்புட்டும் நடந்துருக்கா?" என்றார். அவர் குரலில் கவலை பாதி, வருத்தம் பாதி.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். "ஸ்டேஷன்ல உட்கார்ந்து கூட்டம் போட்டா ஆம்பளைங்கதான் வருவாங்க. பொழுது சாயுற நேரத்துல பொம்பளைங்களக் கூட்டிட்டு அந்தப் பாதையில நடப்போம். எங்க பயமா இருக்கோ அங்க நில்லுங்க." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். மில் பெண்கள், தையல் பெண்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குத் தினமும் பூக்கட்டி அனுப்பும் வீட்டுப் பெண்கள் இருவர், சர்ச்சில் பாட்டுப் பாடும் நர்ஸ் என்று ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. கோழி வளர்க்கும் தெலுங்குக்கார அக்கா, "ஏமம்மா, நடக்கத்தான? எனக்குச் சுகருக்கு நல்லது" என்று வந்தார். ஊராட்சி கிளார்க்கும், மின்வாரிய லைன்மேனும், நான் வற்புறுத்தியதால் என் வீட்டுக்காரரும் வந்தார்கள்.

முதல் விளக்குக் கம்பத்திலேயே நின்றோம். விளக்கு இருக்கிறது, எரிகிறது, ஆனால் வேப்பமரம் மூடிக்கொண்டு வெளிச்சம் முழுவதும் இலைகளுக்குத்தான். அடுத்த கம்பத்தில் விளக்கே இல்லை. "அது எங்க போச்சு?" என்று கேட்டேன். கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த விளக்கு அதுதான். "பிரசிடெண்டு வீட்டுக்கு ஆளுக வந்து போகணும்லா" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ!" என்றார்கள். மறுநாள் காலையில் அவரே லைன்மேனோடு நின்று அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய கம்பத்தில் மாட்ட வைத்தார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

டிவி ரூம் பக்கம் வந்து நின்றோம். வெட்டு விழுந்த இடம். அப்போதுதான் கவனித்தேன், கூட்டத்தின் கடைசியில் காஜா போடும் பெண் நின்றிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டிருந்தேன், ஆனால் வருவாள் என்று நினைக்கவில்லை. மற்றவர்களும் அவளைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

வெட்டுப்பட்டவனின் அக்கா திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "வந்துட்டீகல்ல? முன்னால வாங்க. பின்னால நின்னா என்ன தெரியும்?"

அவள் முன்னால் வந்தாள். சுவரைக் காட்டினாள். "எனக்குப் பயமான எடம் இதுதான். ஒங்களுக்கு அங்கிட்டு நடக்கப் பயம், எனக்கு எம்மவன் இங்கிட்டு வந்து உட்கார்றது பயம். கூப்பிட வருவேன். சுவத்துக்கு அந்தப்பக்கம் என்ன நடக்குன்னு தெரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்கும். பாருக்குப் பின்வாசல் ஒண்ணு இருக்கு, கடை தொறக்குறதுக்கு முந்தியே அதுவழியாக் குடுப்பாக. அந்த ரூம் மொட்டை மாடிலயும் என்னமோ ஒளிச்சு வச்சிருக்கானுக. எத்தன தடவ அவனுக ஏறி எறங்கப் பாத்திருக்கேன்."

காவலர் ஒருவர் சுவர் வழியாக மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். சாக்கில் சுற்றிய அரிவாள்களோடு இறங்கினார். வீடியோவில் பார்த்த அரிவாள்கள். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அந்த அக்கா மட்டும் காஜா போடும் பெண்ணின் தோளை ஒரு முறை தொட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் என்ன செய்யலாம் என்று பேச, ஸ்ரீவில்லிபுத்தூர் யூனியன் ஆபீஸில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு வேன் பிடித்துப் போனோம். வேன் என்று சொன்னதும் பெண்கள் அதைச் சுற்றுலா ஆக்கிவிட்டார்கள். காலையிலேயே போய் ஆண்டாளைப் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் பூ வாங்கி வைத்துக்கொண்டு, நர்ஸுக்கும் ஒரு முழம் கொடுத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் முன்னாலேயே வந்து, "தலைவர்" என்று எழுதி வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றியத்துப் பெரிய அதிகாரி வந்ததும் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க யாரு?"

"பிரசிடெண்டுங்க... அதாவது, பிரசிடெண்டோட வீட்டுக்காரர்."

"அப்ப அவங்க உட்காரட்டும். நீங்க வெளியில இருக்கலாம், ஃபேன் போட்டிருக்கு."

அவர் எழுந்தார். போகும்போது என் காதருகே, "கேமரா கேளு, கேமரா கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேமராவைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அங்கே வந்திருந்த எல்லோரும் கண்காணிப்புக் கேமராவைப் பற்றித்தான் பேசினார்கள். எத்தனை வைக்கலாம், எந்த மில் முதலாளி நன்கொடை தருவார் என்றே பேச்சு ஓடியது. என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். எதிரில் எங்கள் பெண்கள் வரிசையாக, தலையில் பூவோடு, கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கேமரா வேண்டாம்னு சொல்லலங்க. விலக்குல ஒண்ணு வையுங்க" என்றேன். "ஆனா வெட்டுனதப் படம் எடுக்குறதுக்கு முந்தி, வெட்டவிடாமப் பண்ணணும். அந்தப் பாதையில மறைவு இருக்கக் கூடாது. சுவத்த இடிக்கணும், முள்ள வெட்டணும். மில் வேன் எல்லாம் வேலைக்குப் போற பிள்ளைகள விலக்குலயே எறக்கிவிட்டுட்டுப் போகுது. டிவி ரூம் முன்னால வந்து எறக்கட்டும். அங்க ஆள் நடமாட்டம் வந்துட்டா பாதிப் பயம் போயிரும். அப்பறம் அந்தப் பாரோட பின்வாசல அடைக்கணும்."

மதுக்கடை விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். "வரைபடத்துல அப்படி ஒரு வாசலே இல்லையேம்மா" என்றார்.

ஃபிட்டரின் அக்கா எழுந்துவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார். இல்லாத வாசல் வழியா உள்ள போறவங்கள நான் காட்டுதேன்."

கூட்டம் முழுவதும் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். அந்த அதிகாரி உண்மையிலேயே மறுநாள் வந்தார், பார்த்தார். சில நாட்களில் அந்த வாசல் இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் நின்றது. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வைத்திருந்தார். "ஜன்னல் வழியாக் கேட்டேன். நல்லாத்தாம்ட்டி பேசுன" என்று, எனக்கு மட்டும் பெரிய பொட்டலமாகக் கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். டிவி ரூமை இடிக்க முடியாது என்றார்கள், ஏனென்றால் உள்ளே அரசாங்கச் சொத்தான டிவி இருக்கிறது. சரி, டிவியை வெளியே எடுப்போம் என்றால் சாவி இல்லை. கிளார்க், எனக்கு முந்தைய தலைவர், அவருக்கும் முந்தைய தலைவர் என்று ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் தேடினோம். கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் பூட்டை உடைத்தோம். உள்ளே பூப்போட்ட உறை மாட்டிய டிவி, அதற்கு மேலே குட்டி போட்டிருந்த பூனை. பூனை எங்களைப் பார்த்துச் சீறியது. குட்டிகள் கண் திறக்கிறவரை வேலையைத் தள்ளிப்போடச் சொல்லித் தெலுங்குக்கார அக்கா நின்றுகொண்டார். ஊராட்சி நிர்வாகம் பூனைக்காகக் காத்திருந்தது.

ரூமை இடிக்கவில்லை. முன்சுவரை மட்டும் எடுத்துத் திறந்த கூடமாக்கினோம். சுற்றுச்சுவர் போனது, ஜேசிபி வந்து முள்ளைப் பிடுங்கியது. மகளிர் குழுப் பெண்கள் அந்தக் கூடத்தில் சாயங்காலக் கடை போட்டார்கள். பணியாரமும் பருத்திப்பாலும். மில் முதலாளிகளிடம் இன்ஸ்பெக்டரே போய்ப் பேசி, வேன்கள் அங்கே நிற்கத் தொடங்கின. ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் கடையில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பைக்கில் விர்ரென்று போய்க்கொண்டிருந்த போலீஸ் ஏட்டு, இப்போது அந்தப் பாதையில் நடந்து ரோந்து போனார். பணியாரத்தால்தான் நடக்கிறார் என்று அவரைக் கேலி செய்வோம்.

அரிவாள் வீடியோ எடுத்த மற்றப் பையன்களை இன்ஸ்பெக்டர் பெற்றோரோடு வரவழைத்தார். வழக்குப் போட வேண்டியவர்கள் மீது போட்டார். மீதிப் பேரை மில்லில் வேலை பழகவும் ஐடிஐயில் சேரவும் அனுப்பப் பாடுபட்டார். எல்லோரும் நிலைக்கவில்லை. ஒருவன் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவன், வேறு ஒரு அடிதடியில் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம். அன்று இன்ஸ்பெக்டர் கடையில் உட்கார்ந்து பருத்திப்பாலை வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தார். "அவன விட்டுட்டேன்க்கா" என்றார். நான் டம்ளரை அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

ஃபிட்டருக்கு இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. மில்லில் ஸ்டோர் வேலை கொடுத்தார்கள். வெட்டியவன் ஜாமீனில் வந்து, மாமன் தோப்பிலேயே வேலை செய்கிறான். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் மட்டும் வந்து போவான். வழக்கு நடக்கிறது. ஃபிட்டர் சாட்சிக் கூண்டில் நடந்ததை நடந்தபடி சொன்னான். வெட்டியவனை மன்னிக்கச் சொல்லி யாரும் ஃபிட்டரிடம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. காஜா போடும் பெண் யூனிட்டுக்குத் திரும்பி வந்தாள். முதல் சில நாட்கள் பக்கத்து மெஷின்கள் காலியாக இருந்தன. பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. காஜா இல்லாமல் நைட்டி அனுப்ப முடியாது. வேலை அவசரத்தில் முகம் பார்க்காமல் அவளிடம் துணியை நீட்டியவர்கள், நீட்டியபடியே பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த கோயில் பொங்கலுக்கு முன்னாலேயே இரண்டு தெருப் பையன்களையும் கூப்பிட்டு, யார் எப்போது கரகம் எடுப்பது என்று பேசி முடித்தோம். திருவிழாவில் ஒரு தள்ளுமுள்ளு வரத்தான் செய்தது. ஆனால் அது நல்ல வெளிச்சத்தில், பணியாரக் கடைக்கு முன்னால் வந்தது. கரண்டியோடு ஓடிவந்த பெண்கள், "ஏலே, யாரு மவன்லே நீ?" என்று கேட்டதும், சண்டைக்காரர்கள் தங்கள் அப்பா பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு நழுவினார்கள்.

முள் வெட்டிய இடத்தில் இப்போது ஷட்டில் கோர்ட் இருக்கிறது. ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். அந்த நேரத்தில் ஃபிட்டரின் அக்கா ஆடுவதைப் பார்க்கத் தனிக்கூட்டம் வரும். அப்படி ஒரு அடி அடிப்பாள். எனக்கு இப்போது வரும் புகார்களும் மாறிவிட்டன. ஷட்டில் ஆடும் சத்தத்தில் சீரியல் வசனம் கேட்கவில்லை என்கிறார்கள். பணியாரத்தில் இனிப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். போன வாரம் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் தெலுங்குக்கார அக்கா எழுந்து கையைத் தூக்கினார்.

"ஏமம்மா பிரசிடெண்டு, நீ போட்ட லைட்டு நேரா என் கோழிக்கூட்டுல அடிக்குது. கோழிக எல்லாம் பொழுது சாஞ்சுச்சுன்னு நெனைக்கவே மாட்டேங்குது. எந்நேரமும் பகல்தான். தூங்காம எப்படி முட்ட போடும்?"

சபை உருண்டு சிரித்தது. நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். புகார் நியாயமானது. கூட்டம் முடிந்து இருட்டியதும் லைன்மேனையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, லைன்மேன் ஏறி விளக்கைப் பாதைப் பக்கமாகத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அக்கா கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டுக்குள் நிழல் விழுந்தது. கோழிகள் கொக்கரிப்பதை நிறுத்தி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அடைந்தன.